பதின்மூன்றாயிரம் பேர் எங்கே போனார்கள்? சுனாமிக்குப் பிந்தைய மக்கள்தொகையைப் படிக்கும் முறை

ஜப்பானின் மியாகி மாகாணத்தில் இஷினோமாகி என்றொரு துறைமுக நகரம். 2010 அக்டோபரில் அங்கே 1,60,826 பேர். 2015 அக்டோபரில் 1,47,214 பேர். ஐந்தாண்டில் 13,612 பேர் குறைந்திருக்கிறார்கள். அதற்குத் தெற்கே, ஃபுகுஷிமா மாகாணக் கடற்கரையில் மினாமிசோமா நகரம். அதே ஐந்தாண்டில் அங்கே 70,878 பேர் 57,797 ஆனார்கள். குறைந்தவர்கள் 13,081.

இரண்டு கணக்குக்கும் நடுவில் இருப்பது 2011 மார்ச் 11. பிற்பகல் 2:46-க்கு 9.0 அளவில் நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து சுனாமி, அதன் விளைவாக ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலைய விபத்து.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் இரு நகரங்களுக்கும் நேர்ந்தது ஒன்றே என்று தோன்றும். நேர்ந்தது வேறு வேறு. பேரிடருக்குப் பிறகு ஒரு ஊரின் மக்கள்தொகை குறைந்தது என்றால், அந்தக் குறைவுக்குள் பல விஷயங்கள் கலந்துகிடக்கும். இறந்தவர்கள், வெளியூர் போய் அங்கேயே பதிந்துகொண்டவர்கள், பெயரை இங்கே விட்டுவிட்டு வேறெங்கோ வாழ்பவர்கள், பேரிடர் வராவிட்டாலும் குறைந்திருக்கக்கூடியவர்கள். இவர்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. எளிய கழித்தல் தெரிந்தால் போதும்.

எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்

ஜப்பானிய நகரம் ஒன்றுக்கு ஒரே சமயத்தில் மூன்று மக்கள்தொகை எண்கள் இருக்கும். மூன்றும் அரசு எண்கள், மூன்றும் சரியானவை, ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடைகள்.

முதலாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஜப்பானிய அட்டவணையில் 'கொகுசெய் சோசா' என்று தலைப்பு இருக்கும். 1920-இல் தொடங்கியது. இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 1-ஆம் தேதி நிலவரப்படி எடுக்கிறார்கள். ஒருவர் மூன்று மாதமோ அதற்கு மேலோ எங்கே வாழ்ந்துவருகிறாரோ, அல்லது வாழப்போகிறாரோ, அந்த ஊரில்தான் அவரை எண்ணுவார்கள். அவருடைய முகவரி எங்கே பதிவாகியிருக்கிறது என்பது இதில் பொருட்டே இல்லை.

இரண்டாவது குடியிருப்போர் பதிவேடு, 'ஜூமின் கிஹோன் தைச்சோ'. வீடு மாறுபவர் பழைய ஊரின் அலுவலகத்தில் வெளியேறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய ஊரில் குடியேறிய 14 நாட்களுக்குள் அங்கே பதிய வேண்டும். அவர் பதியும்வரை பழைய ஊரின் எண்ணிக்கையில்தான் இருப்பார். நகராட்சிகள் மாதாமாதம் வெளியிடும் எண் பெரும்பாலும் இதுதான். ஒரு கண்ணியும் உண்டு. 2012 ஜூலைக்கு முன்பு இந்தப் பதிவேட்டில் வெளிநாட்டவர் கிடையாது. அவர்களுக்குத் தனிப் பதிவு இருந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடுகிறவர்கள் வெளிநாட்டவரைச் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மதிப்பீடு, 'சுய்கெய் ஜின்கோ'. கடைசிக் கணக்கெடுப்பு எண்ணை எடுத்து, பதிவேட்டில் ஏறிய பிறப்பு, இறப்பு, வரவு, போக்கைக் கூட்டிக் கழித்து வருவது. சாதாரண காலத்தில் நன்றாக வேலை செய்யும். மக்கள் பதிவை மாற்றாமல் இடம் மாறினால் மட்டும் இது தடம் புரண்டுவிடும்.

பேரிடர் இல்லாத நாளிலேயே முதல் இரண்டும் ஒத்துப்போவதில்லை. மினாமிசோமாவில் 2010 கணக்கெடுப்பு 70,878 என்றது. நிலநடுக்கம் நடந்த நாளில் பதிவேட்டில் இருந்தவர்கள் 71,561. கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போய்ப் பதிவை மாற்றாமல் விட்டவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அந்தச் சில நூறு வித்தியாசம்தான் 2011-க்குப் பிறகு பல ஆயிரமாக விரிந்தது.

அது விரிந்த விதத்தை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொள்ளும் குடும்பம், ஆனால் இந்த அமைப்பு அங்கே மிகச் சாதாரணம். மினாமிசோமாவின் தென்பகுதியான ஒடாகாவைச் சேர்ந்த நால்வர். ஒடாகா, விபத்து நடந்த அணுமின் நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வருவதால் அப்போது வீட்டில் இருக்க முடியாது. பாட்டி அதே நகரத்தின் வடபகுதியான காஷிமாவில் தற்காலிகக் குடியிருப்பில் இருக்கிறார். அப்பா நகரத்தின் நடுப்பகுதியான ஹாராமாச்சியில் அறை எடுத்து வேலைக்குப் போகிறார். அம்மாவும் மகளும் மலைத்தொடருக்கு அப்பால் யாமாகாட்டா மாகாணத்தின் யோனெசாவாவில். நால்வர் பதிவும் ஒடாகாவிலேயே இருக்கிறது.

பதிவேட்டைக் கேட்டால் 'ஒடாகாவில் நான்கு பேர்' என்று சொல்லும். கணக்கெடுப்பு காஷிமாவில் ஒருவர், ஹாராமாச்சியில் ஒருவர், யோனெசாவாவில் இருவர், ஒடாகாவில் யாருமில்லை என்று சொல்லும். மினாமிசோமா நகரம் முழுவதற்கும் என்றால் பதிவேட்டில் நால்வர், கணக்கெடுப்பில் இருவர். ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்ததையும் கவனியுங்கள். ஆட்கள் குறைந்த ஊரிலும் குடும்பங்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். யோனெசாவாவில் அந்த அம்மாவுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தையும் ஒடாகாவாசியாகவே பதிவாகும், ஒடாகாவைப் பார்க்காமலேயே.

ஏன் பதிவை மாற்றவில்லை?

அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டமே அதற்கு வழி செய்தது. 2011 ஆகஸ்டில் ஜப்பான் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தது. அணு விபத்தால் இடம்பெயர்ந்த 13 நகர, ஊராட்சிகளின் மக்கள், பதிவைத் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு, தங்கியிருக்கும் ஊரில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, தடுப்பூசி போன்ற சேவைகளைப் பெறலாம். மினாமிசோமாவும் அந்த 13-இல் ஒன்று.

இது நல்ல ஏற்பாடு. வீட்டுக்குத் திரும்புவோமா என்று தெரியாத நிலையில் 'என் ஊர் இதுதான்' என்று சொல்ல மிஞ்சியிருந்தது அந்தப் பதிவு ஒன்றே. அதையும் வெட்டிக்கொண்டுதான் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எண்ணைப் படிக்கிறவர்கள் இதன் விளைவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மினாமிசோமாவின் அண்டை ஊரான நாமியேவின் பதிவேட்டில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், 2015 கணக்கெடுப்பில் நாமியேவின் மக்கள்தொகை பூஜ்யம். தோமியோகா, ஓகுமா, ஃபுதாபா ஆகிய ஊர்களும் அந்த ஆண்டு பூஜ்யமே.

காணாமற்போனவர்களும் பதிவேட்டில் நீடித்தார்கள். உடல் கிடைக்காவிட்டால் இறப்பைப் பதிவது கடினம். பொதுவான சட்ட வழியில் ஓராண்டு காத்திருந்து குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2011 ஜூனில் நீதி அமைச்சகம் அந்த நடைமுறையைத் தளர்த்தி, உறவினர்கள் நிலைமையை எழுதிக் கொடுத்தே இறப்பைப் பதியலாம் என்றது. எழுதிக் கொடுப்பது குடும்பத்தின் விருப்பம். கொடுக்க மனம் வராத வீடுகளில் அந்தப் பெயர் பதிவேட்டில் உயிரோடு நின்றது. 2011-இன் மாதாந்திர எண்களில் இறப்பு மார்ச் மாதத்தில் ஒரேயடியாக விழாமல் பல மாதங்களுக்குப் பரவித் தெரிவதற்கு இதுவும் காரணம்.

எல்லையும் பழைய சரிவும்

ஆண்டுகளை ஒப்பிடுவதற்கு முன் நகரத்தின் எல்லை அதேதானா என்று பாருங்கள். 2000-களின் நடுவில் ஜப்பானில் ஊர்களை இணைக்கும் பெரிய அலை ஒன்று அடித்தது. 2005 ஏப்ரலில் ஆறு சிற்றூர்கள் இஷினோமாகியோடு சேர்ந்தன. இணைப்புக்கு முந்தைய நகரத்தின் மக்கள்தொகை 1,20,000-ஐ ஒட்டியது. அதை 2010-இன் 1,60,826-ஓடு ஒப்பிட்டால் நகரம் செழித்து வளர்ந்ததுபோல் இருக்கும். மினாமிசோமா 2006 ஜனவரியில்தான் ஒரு நகரமாக உருவானது. ஹாராமாச்சி, ஒடாகா, காஷிமா மூன்றும் சேர்ந்து வந்த பெயர் அது. பழைய ஆண்டுகளுக்கு, இன்றைய எல்லைக்கு ஏற்பக் கூட்டிய எண்களைத்தான் எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தால் 2005-இல் இஷினோமாகி 1,67,324, மினாமிசோமா 72,837. இரண்டும் பேரிடருக்கு முன்பே குறைந்துகொண்டிருந்தன. பிறப்பைவிட இறப்பு அதிகம், படித்த இளைஞர்கள் மியாகியின் தலைநகரான செந்தாய்க்கும் டோக்கியோவுக்கும் போய்விடுவார்கள். 2005-2010-இல் இஷினோமாகி 6,498 பேரையும் மினாமிசோமா 1,959 பேரையும் இழந்தன.

இப்போது அந்தக் கோட்டை அப்படியே நீட்டுங்கள். பேரிடரே வரவில்லை, பழைய வேகத்திலேயே குறைந்தது என்று வைத்துக்கொண்டால், 2015-இல் இஷினோமாகியில் சுமார் 1,54,300 பேர் இருந்திருப்பார்கள். உண்மையில் இருந்தவர்கள் 1,47,214. இடைவெளி ஏறத்தாழ 7,100. மினாமிசோமாவில் 68,900 இருந்திருக்க வேண்டும், இருந்தது 57,797. இடைவெளி 11,100.

இதற்குள் இறப்பை வைத்துப் பாருங்கள். இஷினோமாகியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 3,500-க்கு மேல். இந்தப் பேரிடரில் தனியொரு நகராட்சி சந்தித்த ஆகப் பெரிய உயிரிழப்பு அது. இடைவெளியில் ஏறத்தாழ பாதி. மினாமிசோமாவில் நேரடியாக இறந்தவர்கள் 600-க்கு மேல். அதன் பிறகு, வெளியேற்றத்தின் அலைச்சலிலும் தங்குமிடங்களின் நெருக்கடியிலும் உடல்நலம் கெட்டு இறந்து, 'பேரிடர் சார்ந்த இறப்பு' என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் 500-க்கு மேல். இரண்டையும் சேர்த்தாலும் இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான். மீதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள், வேறு ஊர்களில். முதல் பத்தியில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பதின்மூன்றாயிரமும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

இந்தக் கணக்கு தோராயமானது. முதியோர் பெருகும் ஊரில் சரிவு ஆண்டுக்கு ஆண்டு செங்குத்தாகும் என்பதால், நேர்கோடு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். இறந்தவர்கள் எல்லாரும் அந்த ஊரில் குடியிருந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பாதிக்கும் பத்தில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பிழைகள் அழித்துவிடாது.

கடல் விலகிவிடும், தடை விலகவில்லை

மினாமிசோமாவை மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும். அணுமின் நிலையத்துக்கு மிக அருகில், தெற்கே ஒடாகா. பதிவேட்டின்படி 12,842 பேர். நடுவில் நகராட்சி அலுவலகம் இருக்கும் ஹாராமாச்சி, 47,116 பேர், பெரும்பகுதி 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டரில். வடக்கே காஷிமா, 11,603 பேர், பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்கு வெளியே. மார்ச் 12 மாலை 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. மார்ச் 15-இல், 20 முதல் 30 கிலோமீட்டர் வரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லப்பட்டது. உள்ளே இரு என்றார்கள், ஆனால் சரக்கு லாரிகள் ஊருக்குள் வர மறுத்தன, பெட்ரோலும் உணவும் தீர்ந்தன. மேயர் சகுராய் கத்சுனோபு யூடியூபில் உதவி கேட்டுப் பேசிய காணொளி உலகம் முழுவதும் போனது அப்போதுதான். நகரத்தில் மிஞ்சியவர்கள் ஒரு கட்டத்தில் சுமார் 10,000 பேர்.

ஹாராமாச்சிக்கான கட்டுப்பாடு 2011 செப்டம்பர் 30-இல் விலகியது, மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஒடாகாவுக்கு அப்படி நடக்கவில்லை. 2012 ஏப்ரலில் பகலில் போய்வரலாம் என்றானது, இரவு தங்கக் கூடாது. தங்கலாம் என்று தடை நீங்கியது 2016 ஜூலை 12-இல். அன்றே ஒடாகாவுக்கும் ஹாராமாச்சிக்கும் இடையே ரயிலும் மறுபடி ஓடியது.

ஐந்தாண்டும் நான்கு மாதமும். 2011 மார்ச்சில் ஒடாகாவில் முதல் வகுப்பை முடித்த பிள்ளை, தடை நீங்கியபோது ஆறு ஆண்டுத் தொடக்கப்பள்ளியையே வேறு ஊரில் முடித்து நடுநிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கும். நண்பர்கள், அம்மாவின் வேலை, வாங்கிய வீட்டுக் கடன் எல்லாம் புதிய ஊரில் வேர் பிடித்துவிட்டன. திரும்பியவர்களில் முதியோரே அதிகமாக இருப்பதற்குக் காரணத்தைக் கதிர்வீச்சு அச்சத்தில் மட்டும் தேடக் கூடாது, இந்தக் காலக்கணக்கிலும் தேட வேண்டும். ஒடாகாவில் இப்போது வாழ்பவர்கள் 4,000-ஐ எட்டவில்லை. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கிருந்த நான்கு தொடக்கப்பள்ளிகள் 2021-இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

மொத்த எண்ணில் தெரியாத நகர்வு

இஷினோமாகியில் அணுத்தடை இல்லை. ஆனால் அங்கேயும் காலம் வேலை செய்தது, வேறு வடிவில். சுனாமி மறுபடி எட்டக்கூடிய பகுதிகளை நகராட்சி 'பேரிடர் அபாயப் பகுதி' என்று அறிவித்தது. அங்கே இனி வீடு கட்டக் கூடாது. குடியிருந்தவர்களின் நிலத்தை நகராட்சி வாங்கிக்கொண்டு, மேட்டிலோ உள்நாட்டுப் பக்கமோ மனை அமைத்துக் கொடுக்கும். கூட்டாக இடம்பெயரும் இந்தத் திட்டத்துக்கு அப்போது வழக்கமாகப் பத்து வீடுகளாவது சேர வேண்டியிருந்தது. இந்தப் பேரிடருக்காக அதை ஐந்தாகக் குறைத்தார்கள்.

சொல்லும்போது சுருக்கமாக இருக்கிறது. நடைமுறையில் நில உரிமையாளர்களைத் தேடிக் கையெழுத்து வாங்கி, மலையை வெட்டிச் சமன்செய்து, சாலையும் குழாயும் போட்டு முடிக்க ஆண்டுகள் பிடித்தன. அதுவரை பல குடும்பங்களுக்கு 29.7 சதுர மீட்டர் பிரிஃபேப் வீடு. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் சுவர். இரண்டாண்டு என்று சொல்லிக் கொடுத்த குடியிருப்பை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே போனார்கள். இன்னும் பலர் அரசு வாடகை கொடுத்த தனியார் வீடுகளில் சிதறியிருந்தார்கள். காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருந்தார்கள். சிறு பிள்ளைகள் உள்ளவர்களால் முடியவில்லை.

மைக்கல்லுக்கு, அதாவது தூரிகை எழுத்துக்கு மை அரைக்கும் கல்லுக்கு, பேர்போன ஓகாட்சு, இஷினோமாகியோடு இணைந்த கடலோரச் சிற்றூர்களில் ஒன்று. பேரிடருக்கு முன் நான்காயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். பத்தாண்டில் கால்வாசி அளவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து போனவர்களில் பலர் இதே நகரத்தின் உள்பகுதியில், நெல்வயல்களை நிரவி உருவாக்கிய ஷின்-ஹெபிதா போன்ற புதிய குடியிருப்புகளில் இருக்கிறார்கள். நகர மொத்தத்தில் இந்த நகர்வு ஒரு ஆளைக்கூடக் குறைக்காது. அதனால்தான் நகர மொத்தத்தோடு நின்றுவிடாமல், பழைய ஊர் வாரியான எண்களைத் தேடி எடுக்கச் சொல்கிறோம். ஒரு மீன்பிடி ஊர் அழிவது அந்த வரிசையில்தான் தெரியும்.

கூடிய எண்ணையும் சந்தேகப்படுங்கள்

2015-க்கும் 2020-க்கும் இடையில் மினாமிசோமா 57,797-இலிருந்து 59,005-ஆகக் கூடியது. இஷினோமாகி 1,40,151-ஆக மேலும் குறைந்தது. மினாமிசோமா மீள்கிறது, இஷினோமாகி சரிகிறது என்று சொல்லத் தோன்றும். பழைய கோட்டை மறுபடி நீட்டிப் பாருங்கள். இந்த ஐந்தாண்டில் இஷினோமாகி இழந்தது 7,063. பேரிடருக்கு முந்தைய ஐந்தாண்டு இழப்பான 6,498-ஐவிடச் சற்றுத்தான் அதிகம். அதாவது நகரம் தன் பழைய சரிவுக்குத் திரும்பியிருக்கிறது. மினாமிசோமாவின் கூடுதலுக்கு 2016-இல் ஒடாகா திறந்தது முக்கியக் காரணம். இடைவெளி 11,100-இலிருந்து 8,000 அளவுக்குச் சுருங்கியது, இன்னும் மூடவில்லை.

கூடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. கணக்கெடுப்பின் மூன்று மாத விதிப்படி, கதிர்வீச்சு படிந்த மண்ணை அகற்றும் பணிக்கும் அணு உலையை அகற்றும் பணிக்கும் வந்து விடுதியில் தங்கும் தொழிலாளி அந்த ஊர்க்காரராகவே எண்ணப்படுவார். மினாமிசோமாவுக்குத் தெற்கே உள்ள ஹிரோனோவில் 2010-இல் 5,400 சொச்சம் பேர், 2020-இலும் 5,400 சொச்சம் பேர். ஒன்றுமே நடக்காத ஊர்போல இருக்கும். பழைய 5,400-இல் குடும்பங்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். புதிய எண்ணில் வேலைக்கு வந்த ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆண், பெண் விகிதத்தையும் 0 முதல் 14 வயதுக்காரர் எண்ணிக்கையையும் பார்த்தால் இது உடனே பிடிபடும். ஹிரோனோவுக்குத் தெற்கே உள்ள இவாகி நகரத்தையும் சுனாமி தாக்கியது, ஆனால் அதன் கணக்கெடுப்பு எண் 2010-இன் 3,42,249-இலிருந்து 2015-இல் 3,50,237-ஆகக் கூடியது. அணு உலை அருகிலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கியதுதான் காரணம். அவர்களின் பதிவு பழைய ஊரிலேயே இருந்ததால், இவாகியின் பதிவேட்டு எண் அதே காலத்தில் குறைந்தது. 2020-இல் கணக்கெடுப்பு எண்ணும் 3,32,931-க்கு இறங்கிவிட்டது.

யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, கணக்கெடுப்பில் 'ஐந்தாண்டுக்கு முன் எங்கே வசித்தீர்கள்?' என்ற கேள்வி இருக்கிறது. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கணக்கெடுப்பில்தான் அதைக் கேட்பார்கள். 2015 சிறிய கணக்கெடுப்பு, ஆனாலும் இந்தப் பேரிடரின் நகர்வை அறிவதற்காகவே அதைச் சேர்த்தார்கள். அரசின் இ-ஸ்டாட் தளத்தில் நகராட்சி வாரியாக அந்த அட்டவணை கிடைக்கும். இடம்பெயர்வைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

2025 அக்டோபர் 1 கணக்கெடுப்பின் எண்களை எடுத்து இவற்றோடு ஒப்பிடப்போகிறவர்கள் மினாமிசோமாவின் மொத்தத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஒடாகா வரிசைக்குப் போங்கள், அதில் 15 வயதுக்கு உட்பட்டவர்களின் கட்டத்தைப் பாருங்கள். பிறகு அதே மாதத்து ஒடாகாவின் பதிவேட்டு மொத்தத்தைப் பக்கத்தில் எழுதி, அதிலிருந்து ஒடாகாவின் கணக்கெடுப்பு மொத்தத்தைக் கழியுங்கள். கிடைக்கும் விடை, வேறு ஊரில் வாழ்ந்துகொண்டு பெயரை மட்டும் ஒடாகாவில் விட்டுவைத்திருப்பவர்களின் தோராயமான எண்ணிக்கை.